பழவேற்காடு ஏரி: மீன்பிடி உரிமைக்கு மனு போடும் முன்

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். 2006 வன உரிமைச் சட்டம் சரணாலயத்தையும் வன நிலமாகவே கொள்கிறது. அதிலுள்ள நீர்நிலையில் மீன் பிடிப்பதைச் சமூக உரிமையாகச் சொல்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

“இப்பவும் வலை போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்?” என்று மீனவர்கள் கேட்பார்கள். யாரும் தடுக்கவில்லை என்பது வேறு, எழுத்தில் உரிமை இருப்பது வேறு. அதிகாரி மாறினாலோ பக்கத்தில் புதிதாக ஒரு திட்டம் வந்தாலோ காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

அலைச்சல் தொடங்குவது 75 வருட ஆதாரத்தில். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாக, அங்கே வாழ்ந்து பிழைத்ததைக் காட்ட வேண்டும். பழங்குடியினருக்கு இந்த 75 வருட நிபந்தனை கிடையாது. ஆனாலும் அதிகாரிகள் கேட்கிறார்கள். பல்லில் பறிக் கூடையைக் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் அம்மா ஒருவரோடு நான் போயிருந்தேன். அவரிடமும் 75 வருடக் கணக்கைக் கேட்டார்கள். “இவங்க பழங்குடிங்க” என்றேன். “சர்டிபிகேட் எங்கே?” என்றார்கள். சான்றிதழ் தரவேண்டிய கோட்டாட்சியர் அலுவலகத்தில் அவருடைய அப்பாவின் சான்றிதழைக் கேட்டார்கள். அவர் அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். அதனால் இருளர் குடும்பங்கள் இனச் சான்றிதழ் வேலையை முதலில் முடித்துவிடுங்கள், மனு அப்புறம்.

“தண்ணிக்கு ஏது பட்டா, சர்வே நம்பர் கொண்டா” என்பது அடுத்த கதை. குறிப்பிட்ட ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்த விதியில் இடமில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் இருந்தால் போதும். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம்தான். பாடு, அதாவது யார் எங்கே வலை போடுவது என்ற முறை, குலுக்கிய பழைய நோட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அசலைக் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். வீடு சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். பிழைப்பு ஏரியில்தான் என்று காட்டினால் போதும்.

மீன்பிடி உரிமைக்கு ஊராகச் சேர்ந்து ‘பி’ படிவத்தில் கேளுங்கள். ‘ஏ’ படிவம் தனிநபர் நிலத்துக்கு. அதை நீட்டி அனுப்பிவிட்டார்கள் என்றால் ஆறு மாதம் போச்சு. மனுவை வாங்க வேண்டியது கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழு, வனச்சரக அலுவலகம் அல்ல. கொடுத்ததும் தேதி போட்ட ரசீது கேளுங்கள். கிராம சபைக்குப் பாதிப்பேர் வரவேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கடலுக்குப் போகும் நாளில் கூட்டம் வைத்தால் ஆள் குறையும், தீர்மானம் செல்லாது. நாளை நீங்களே குறித்துக் கொடுங்கள்.

பக்கத்துக் குப்பத்தோடு பாடு பற்றித் தகராறு இருந்தால் முன்கூட்டியே பேசி முடியுங்கள். ஒரே தண்ணீரை இரண்டு ஊர் கேட்டால் இரண்டு குழுவும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது விதி. சண்டை தீரவில்லையென்றால் கோட்ட அளவிலான குழுவுக்குப் போய்க் கிடக்கும். இங்கே வாங்கும் உரிமை ஆந்திரப் பக்கம் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

“ஆகாதுப்பா” என்று வாயால் சொன்னால் எழுந்து வராதீர்கள், காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். முதலில் கோட்டக் குழு, பிறகு மாவட்டக் குழு. மாவட்டக் குழுவின் தலைவர் என்று நேரே கலெக்டரிடம் ஓடினால் அந்த மனு திரும்பக் கோட்டத்துக்கே வரும். அதற்குள் 60 நாளும் ஓடிவிடும்.