ரெண்டு பக்கமும் தெரியறது ஒரே ஃபோல்டர் தாண்ணே

இந்த வருஷம் இது நாலாவது கேஸு, அதான் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை சாத்துனதும் உக்காந்து எழுதறேன்.

ஸ்டூடியோ வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் சிபியூவை தூக்கிட்டு வந்தாரு. யூடியூப் பாத்து, ஸ்க்ரீனை இடது வலதுன்னு ரெண்டு பேனா (கட்டமா) பிரிச்சு ஃபைலை காட்டற ஃபைல் மேனேஜர் போட்டிருக்காரு, திறந்தா இடது பக்கமும் கல்யாண ஃபோல்டர், வலது பக்கமும் அதே கல்யாண ஃபோல்டர். டிஸ்க் ஃபுல்லா கிடக்கு, ரெண்டு காப்பி எதுக்குன்னு வலது பக்கம் செலக்ட் பண்ணி ஷிஃப்ட் டெலிட் (ரீசைக்கிள் பின்னுக்கே போகாம அழிக்கறது) அடிச்சு, நிஜமாவான்னு கேட்டதுக்கும் என்டர் தட்டிட்டாரு. இடது பக்கமும் சேந்து காலி. "நான் வலது பக்கம் தானே தம்பி அழிச்சேன்?"

ஒரு ரூமுக்கு ரெண்டு ஜன்னல் வச்சா ரூம் ரெண்டாயிடுமா? விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல பாத்தாலும் சரி, டோட்டல் கமாண்டர், டபுள் கமாண்டர் மாதிரி ரெண்டு பேன் மேனேஜர் எதுல பாத்தாலும் சரி, டிஸ்க்ல கிடக்கறது ஒண்ணே ஒண்ணு. "அந்த சாஃப்ட்வேர்ல மட்டும் தான் டெலிட் பண்ணேன்"ங்கற பேச்சே கிடையாது. அதை அன்இன்ஸ்டால் பண்ணா உள்ள இருக்கற ஃபைலும் போயிடுமான்னு கேக்கறாங்க, உள்ளன்னு ஒண்ணு இருந்தா தானே போறதுக்கு! சந்தேகம்னா பேனுக்கு மேல ஓடற பாத்தை (ஃபோல்டர் இருக்கற இடத்தோட முழு விலாசத்தை) படிங்க, ரெண்டுலயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தா அது ஒரே பொருள்.

அந்த ஸ்டூடியோ அண்ணன் போட்டிருந்தது எஸ்எஸ்டி, அழிச்ச இடத்தை சுத்தமா துடைக்கற ட்ரிம் ஓடிருச்சு, அதுல ஒண்ணும் தேறல. கேமரா மெமரி கார்டை வாங்கி, அழிஞ்ச ஃபைலை மீட்கற ஃபோட்டோரெக் ஓட்டினேன். அதையும் ஃபார்மட் பண்ணி ஒரு பர்த்டே எடுத்துட்டாரு, அது கார்டோட முன்பக்கத்துல உக்காந்துருச்சு. முகூர்த்தம் கிடைச்சுது, முந்தின நாள் ரிசப்ஷன் போச்சு.

நான் இதெல்லாம் போடாதீங்கன்னு சொல்லல. 1993ல வந்த டோட்டல் கமாண்டர் இல்லாம எனக்கு வேலையே ஓடாது. ஆனா முதல் ஒரு வாரம் டம்மி ஃபோல்டர்ல பழகுங்க, எஃப்5 காப்பி, எஃப்6 மூவ், எஃப்8 டெலிட், அஞ்சும் ஆறும் பக்கத்துல பக்கத்துல இருக்குங்கறது ஞாபகம் இருக்கட்டும். பென்டிரைவ்ல அழிச்சா ரீசைக்கிள் பின்னுக்கு வராது, எந்த மேனேஜரா இருந்தாலும்.

டெஸ்க்டாப் ஷெல்லையே (டாஸ்க்பார், ஐகான் எல்லாம் காட்டற புரோகிராமை) மாத்தறவங்க வேற ரகம். ஷெல்லை அரைகுறையா அன்இன்ஸ்டால் பண்ணிட்டு கறுப்பு ஸ்க்ரீன்ல மவுஸ் மட்டும் தெரிஞ்சதும் ஹார்டு டிஸ்க் போச்சுன்னு ஃபார்மட் பண்ணிட்டு வர்றாங்க. ஐயா, கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அடிச்சு டாஸ்க் மேனேஜர்ல ரன் நியூ டாஸ்க் போய் எக்ஸ்ப்ளோரர்னு டைப் பண்ணுங்க, பெரும்பாலும் பழைய டெஸ்க்டாப் வந்து நிக்கும். நிரந்தரமா சரி பண்ண ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்கை வச்சிருக்கற இடம்) வின்லாகான் கீழ ஷெல்னு இருக்கறதை மாத்தணும், அது தெரியலன்னா எங்ககிட்ட வாங்க, பத்து நிமிஷ வேலை.

எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் அதை எழுதினவங்களோட சொந்த பக்கத்துல தான் டவுன்லோடு பண்ணணும், அப்பவும் கண்ணு முழிப்பா இருக்கணும். 2016 ஆகஸ்ட்ல, பழைய ஸ்டார்ட் மெனுவை கொண்டு வர்ற கிளாசிக் ஷெல்லை இறக்கற தளத்தையே ஹேக் பண்ணி இன்ஸ்டாலரை மாத்தி வச்சாங்க, அதை ஓட்டினவங்க சிஸ்டம்ல எம்பிஆர் (கம்ப்யூட்டர் கிளம்ப டிஸ்க்கோட ஆரம்பத்துல இருக்கற பகுதி) அழிஞ்சு பூட்டே ஆகல. அந்த கிளாசிக் ஷெல்லை எழுதினவரும் 2017 டிசம்பரோட நிறுத்திட்டாரு, இப்ப ஓப்பன் ஷெல்னு வேற ஆளுங்க பாத்துக்கறாங்க, இன்னும் பழசையே தேடிப் போடாதீங்க.

அப்புறம் தயவு செஞ்சு, ஃபைல் அழிஞ்சுதுன்னா கையை எடுத்துட்டு ஷட்டவுன் பண்ணி கொண்டு வாங்க. அதே டிரைவ்ல ரெக்கவரி சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணி நாலு தடவை ஓட்டிப் பாத்துட்டு வராதீங்க.