அம்பின் வாலில் ஒரு வாத்து இறகு

ஆட்டம் முடிந்ததும் கோர்ட் ஓரத்தில் கிழிந்து கிடக்கும் ஷட்டில் காக் ஒன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள். 16 இறகு இருக்கும். நல்ல காக் என்றால் எல்லாமே பெருவாத்து இறகு. பண்ணை வீட்டு கேட்டுக்குள் கால் வைத்ததும் கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்துமே, கூஸ் வாத்து, அதேதான். அந்த 16-ம் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வந்தவை, பெரும்பாலும் இடது. இரண்டு பக்கத்தையும் கலந்தால் காக் ஒழுங்காகச் சுழலாது.

இந்த விதியை நான் காக்கில் கற்கவில்லை. வில்லுக்கு நானே அம்பு செய்தபோது, மூன்று இறகை வீணாக்கிக் கற்றேன்.

கோவளம் தாண்டி நண்பர் ஒருவரின் தோட்டத்தில் நாலைந்து கூஸ் வாத்து உண்டு. வாத்து இனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை பறக்கும் இறகுகளை ஏறக்குறைய ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். புதிது முளைக்கும்வரை சில வாரம் பறக்கவே முடியாது. அந்தச் சமயத்தில் போனால் தரையெல்லாம் இறகு. "தினமும் பெருக்கிக் குப்பையிலதான் கொட்றேன், எவ்ளோ வேணாலும் எடுத்துக்கோங்க சார்" என்றார் தோட்டக்காரர். (வளர்ப்புப் பறவை என்பதால் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் கிடக்கும் நீர்ப்பறவை இறகில் கை வைக்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.)

ஒரு இறகைக் கையில் எடுங்கள். நடுத்தண்டின் ஒரு பக்கம் குறுகலாக, விறைப்பாக இருக்கும். பறக்கும்போது காற்றைக் கிழிக்கும் முன் விளிம்பு அது. மறு பக்கம் அகலமாக, வளைந்து கொடுக்கும். அம்புக்கு வேண்டியது இந்த அகலப் பக்கம்தான். வெளியே புடைத்திருக்கும் மேல்பக்கம் உங்களைப் பார்க்க, நுனி மேலே இருக்கும்படி பிடியுங்கள். குறுகிய பக்கம் வலது கைப் பக்கம் இருந்தால் அது இடது இறக்கை இறகு. இடது கைப் பக்கம் இருந்தால் வலது இறக்கை.

இப்போது அகலப் பக்கத்தை விரலால் கீழ்நோக்கி இழுத்துக் கலையுங்கள். இழை இழையாகப் பிரிந்து, மழையில் நனைந்த காக்கா மாதிரி ஆகிவிடும். அப்புறம் அடியிலிருந்து நுனிவரை இரண்டு விரலால் நீவிவிடுங்கள். எல்லாம் மறுபடி ஒட்டிக்கொண்டு ஒரே தகடாகிவிடும். ஒவ்வொரு இழையிலிருந்தும் நுண்ணிழைகள் கிளம்புகின்றன. அவற்றின் முனையில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். அவை பக்கத்து இழையைப் பற்றிக்கொள்கின்றன, பேன்ட் ஜிப் மாதிரி. அடி வாங்கினால் கிழியாமல் பிரிந்து வழிவிடும், நீவினால் மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் இதுவரை எனக்குக் கிடைக்காத குணம் இது.

இது ஏன் முக்கியம் என்று புரிய, அம்பு எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண மர வில்லில் அம்பு வில்லின் நடுவில் இல்லை, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நாணை விட்டதும் பின்னாலிருந்து தள்ளு, முன்னால் எடை. அம்பின் தண்டு வில்லாக வளைகிறது. மீன் வாலடிப்பது போல இப்படியும் அப்படியும் நெளிந்தபடி வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறது. 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படமெடுத்து இதைக் காட்டினார். எவ்வளவு சரியாக நெளிந்தாலும் வால் பகுதி வில்லையோ கையையோ உரசும் வாய்ப்பு உண்டு. அங்கே விறைப்பான பிளாஸ்டிக் வேன் (vane, இறகுக்குப் பதிலாக ஒட்டும் தகடு) இருந்தால் முட்டி, வாலை உதைத்துவிடும். இறகு மடங்கிப் போய், கடந்த மறுகணமே நிமிர்ந்துவிடும். ஆனால் இறகுத் தண்டின் முன்முனையை மட்டும் சீவிச் சமன் செய்து, மேலே நூல் சுற்றியோ ஒரு சொட்டுப் பசை வைத்தோ மூட வேண்டும். இல்லையென்றால் விரலைக் கீறிக்கொண்டுதான் போகும்.

பறக்கும்போது நடப்பது காக்கில் நடப்பதேதான். எடை முன்னால், காற்றின் இழுப்பு பின்னால். வால் ஒரு பக்கம் விலகினால் அந்தப் பக்கத்து இறகில் காற்று மோதித் திருப்பித் தள்ளுகிறது. இறகின் இயல்பான வளைவு அம்பைச் சுழற்றவும் செய்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் வலது இறக்கை இறகு கடிகாரத் திசையில், இடது எதிர்த்திசையில். அம்பின் தண்டில் சின்னக் கோணல் இருந்தாலும் சுழலும்போது அது எல்லாப் பக்கமும் மாறி மாறி வருவதால் அம்பு ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போகாது. என் முதல் அம்பில் இரண்டு இடது, ஒரு வலது ஒட்டியிருந்தேன். இரண்டு ஒரு பக்கம் சுழற்ற, ஒன்று மறு பக்கம் சுழற்ற, குடித்துவிட்டு நடப்பவன் மாதிரி போய் வைக்கோல் பலகைக்கு வெளியே விழுந்தது.

இறகுக்கு எடையும் குறைவு. அதே நீளப் பிளாஸ்டிக் வேனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இறகின் சொரசொரப்பு காற்றை அதிகம் பிடிப்பதால் தூரம் போகப் போக வேகம் குறையும். அதனால்தான் ஒலிம்பிக்கின் 70 மீட்டருக்கு சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டுகிறார்கள். கிட்டத்து இலக்குக்கும் மர வில்லுக்கும் என் ஓட்டு இறகுக்கே.

1417-ல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி, பிரான்சுப் போருக்காக, ஒவ்வொரு வாத்திலிருந்தும் ஆறு இறக்கை இறகு பிடுங்கி அனுப்பச் சொன்னார். ஏன் ஆறு மட்டும் என்று முதலில் யோசித்தேன். தோட்டத்துக் குவியலைப் பிரித்தபோது, அம்புக்குத் தேறும் நீளமும் அகலமும் உள்ளவை எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கில் அம்பு கிடைத்தது. இறகு மக்கிப்போய்விட்டது. நூல் சுற்றிய தடமும் செம்பு கலந்த பசையும் மட்டும் மிச்சம்.

சென்னையில் இறகுக்கு எதிரி நவம்பர் மழைதான். வாத்து உயிரோடு இருக்கும்வரை வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் பூசிக்கொண்டே இருக்கும். நாம் பிய்த்து ஒட்டியதற்கு யார் பூசுவார்கள்? நன்றாக நனைந்தால் இழையெல்லாம் தண்டோடு படுத்துவிடும், அம்பு இறகே இல்லாதது போல அலையும். பெட்டியில் நசுங்கிப்போன இறகுக்கு மட்டும் சுலப வைத்தியம் உண்டு. இட்லிப் பானை ஆவியில் சில நொடி காட்டினால் போதும். இறகும் நம் தலைமுடி போல கெரட்டின்தான், ஈரச் சூட்டில் இளகித் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஷட்டில் ஆடுகிறவர்களும் புது காக்குக்கு ஆவி காட்டுவார்கள், சீக்கிரம் ஒடியாமல் இருக்க. வீட்டில் என் அம்புகளுக்கு இட்லி வெந்து இறங்கிய பிறகுதான் அனுமதி.