கூட்டம் கூடும், கல்லா நிறையாது

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டது. அடுத்த மாதமே சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய முதலீட்டு நிறுவனமான செக்கோயா கேபிடல், தான் பணம் போட்டிருந்த ஸ்டார்ட்அப் தலைவர்களை அழைத்து, நல்ல காலத்துக்குக் கல்லறை எழுப்பிய படத்தோடு ஒரு விளக்கம் கொடுத்தது. சொன்னது இதுதான்: செலவைக் குறையுங்கள், கையிருப்பைக் காப்பாற்றுங்கள்.

மந்தநிலை முற்றிய அந்தக் காலத்தில் சமூக வலைத்தளங்களில் ஆள் குறைந்துவிடவில்லை. 2008 ஆகஸ்டில் 10 கோடிப் பேர் இருந்த ஃபேஸ்புக்கில், 2009 செப்டம்பரில் 30 கோடிப் பேர். வேலை போனவர் சினிமாவைக் குறைப்பார், ஓட்டலைக் குறைப்பார். காசு கேட்காத தளத்தை ஏன் விடப்போகிறார்? மந்தநிலையில் இந்த நிறுவனங்களுக்கு வரும் சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் செலவு வைக்கிறார். அந்தச் செலவை ஈடுகட்டும் பணமோ வேறு யாரிடமிருந்தோ வர வேண்டும்.

செலவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு கல்யாணப் படத்தை ஃபேஸ்புக்கில் ஏற்றினால், அன்றைய அமைப்பில் அது நான்கு அளவுகளில் நான்கு படங்களாகச் சேமிக்கப்பட்டது. 2009 ஏப்ரலில் அப்படி 1,500 கோடிப் படங்கள், அதாவது 6,000 கோடி கோப்புகள். வாரத்துக்கு 22 கோடிப் புதுப் படங்கள்; வாரந்தோறும் 25 டெராபைட் கூடுதல் இடம். பழைய படங்களை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அழிக்கவும் முடியாது. ஆளைக் குறைக்கலாம், அலுவலகத்தைச் சுருக்கலாம். படங்களைச் சேமிக்கும் வட்டு வாங்குவதை நிறுத்த முடியாது.

வரவுப் பக்கம் விளம்பரம். அமெரிக்க இணைய விளம்பர வருவாய் 2008-ல் 2,340 கோடி டாலர், 2009-ல் 2,270 கோடி. மூன்று சதவீத அளவுக்குத்தான் சரிவு, பெரிய அடி இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்குப் போட்டியிடும் விளம்பர இடங்கள் பெருகிவிட்டன. ஒருவர் நண்பரின் படங்களை ஐம்பது முறை புரட்டினால் ஐம்பது பக்கம், ஐம்பது விளம்பர இடம். சரக்கு மலையாகக் குவிந்தால் விலை விழும். அதனால்தான் சமூகத் தளங்களின் சி.பி.எம். (கட்சி அல்ல, விளம்பரத்தை ஆயிரம் முறை காட்ட வாங்கும் கட்டணம்) அடிமட்டத்தில் கிடந்தது. கூகுளில் "ஃப்ரிட்ஜ் விலை" என்று தேடுபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். நண்பரின் குழந்தைப் படம் பார்ப்பவருக்கு அந்த எண்ணமே இல்லை. அன்றைய பெரிய சமூகத் தளமான மைஸ்பேஸின் விளம்பரங்களுக்காக 90 கோடி டாலர் உத்தரவாதம் கொடுத்திருந்த கூகுளே, சமூகத் தளங்களில் எதிர்பார்த்த வருவாய் வரவில்லை என்று 2008 ஜனவரியில், லேமன் விழுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டது.

விளம்பரம் போதாத இடத்தை முதலீட்டாளர் பணம் நிரப்புகிறது. அந்தத் துறையில் புழங்கும் கணக்கு 'ரன்வே', அதாவது கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பது. வங்கியில் 60 லட்சம் டாலர், மாதம் 5 லட்சம் பற்றாக்குறை என்றால் ரன்வே 12 மாதம். அடுத்த முதலீடு திரட்ட ஆறு மாதம் ஓடிவிடும் என்று வைத்தால், உண்மையான அவகாசம் பாதிதான். பற்றாக்குறையை 3 லட்சமாக இறக்கினால் அதே பணம் 20 மாதம் தாங்கும். நல்ல நிறுவனங்கள்கூட மந்தநிலையின் தொடக்கத்திலேயே ஆட்குறைப்பில் இறங்குவது இந்தக் கணக்கால்தான். வேலை, தொழில் தொடர்புகளுக்கான சமூகத் தளமான லிங்க்ட்இன் 2008 ஜூனில் 100 கோடி டாலர் மதிப்பீட்டில் பணம் திரட்டியது. நவம்பரில் சுமார் 10 சதவீத ஊழியர்களை அனுப்பிவிட்டது.

முதலீட்டாளர் கையை இழுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க அவருக்குப் பங்குச்சந்தை வேண்டும். 2008-ன் இரண்டாம் காலாண்டில் வென்ச்சர் கேபிடல் எனப்படும் இந்த ஸ்டார்ட்அப் முதலீட்டாளர்கள் பணம் போட்ட ஒரு நிறுவனம்கூட அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. 1978-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. வெளியேறும் கதவு அடைத்திருந்தால் உள்ளே போக யாருக்குத் துணிச்சல் வரும்?

பிழைத்தவர்களைப் பார்த்தால் நியாயம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. ட்விட்டரைப் போன்ற பவுன்ஸ் என்ற சேவை, கூடுதல் வசதிக்கு ஆண்டுச் சந்தா வாங்கியது. 2008 டிசம்பரில் மூடப்பட்டது. வருமான வழியே இல்லாத ட்விட்டர், ஃபேஸ்புக் வாங்க வந்தபோது மறுத்துவிட்டு, 2009 பிப்ரவரியில் 3.5 கோடி டாலர் திரட்டியது. தளத்தில் முதல் விளம்பரத் திட்டம் வந்தது 2010 ஏப்ரலில். கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் முதலீட்டாளர் பொறுத்திருப்பார் என்பதுதான் வித்தியாசம். சிறிய கூட்டம் சந்தா கட்டினாலும் அவர் பொறுப்பதில்லை. ஃபேஸ்புக்கும் மதிப்பு இறங்கித்தான் பணம் வாங்கியது: 2007-ல் மைக்ரோசாஃப்ட் போட்டபோது 1,500 கோடி டாலர் மதிப்பு, 2009 மே மாதம் ரஷ்ய முதலீட்டு நிறுவனமான டி.எஸ்.டி. 20 கோடி போட்டபோது 1,000 கோடி. கௌரவம் பார்க்காதது புத்திசாலித்தனம் என்பேன்.

லிங்க்ட்இன் கதை தனி. வேலை தேடுவோர் பெருகுவது அதற்கே சரக்கு. ஆள் எடுக்கும் நிறுவனங்களிடமும் சந்தாதாரர்களிடமும் காசு வாங்கியதால் விளம்பரத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. மந்தநிலை உச்சத்தில் இருந்த 2009-ல் அதன் வருவாய் 7.9 கோடியிலிருந்து 12 கோடி டாலராக ஏறியது.

முதலீட்டுப் பணம் வற்ற முழு மந்தநிலைகூட வேண்டாம், வட்டி ஏறினாலே போதும். 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியதும் உலகெங்கும் முதலீடு சுருங்கியது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கிய, ட்விட்டரைப் போன்ற பெங்களூர்ச் செயலியான கூ, வாங்குவதற்கு ஆள் தேடி, பேச்சுகள் முறிந்து, 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்தது. நடத்த மனம் இருந்தும், ஒரு சமூக ஊடகச் செயலியை ஓடவிடும் தொழில்நுட்பச் செலவு தாங்கவில்லை என்பதே நிறுவனர்கள் சொன்ன காரணம்.