35 கிராம் நோயாளி

கூண்டில் லவ் பேர்ட்ஸ் ஒன்று இறகை உப்பிக்கொண்டு, கண் செருக உட்கார்ந்திருக்கிறது என்று பறவைக் கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் ஒரு மஞ்சள் பொடிப் பொட்டலம் கிடைக்கும். "தண்ணியில ஒரு சிட்டிகை கலந்து வைங்க, சரியாயிடும்." பொதுவாக அது டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக். வாங்கியவருக்கு நிம்மதி, பறவையைப் பிடிக்க வேண்டாம், கடி வாங்க வேண்டாம். பறவைக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கதை.

கடைகளில் இந்தப் பெயரில் விற்கும் பறவைகளில் பெரும்பாலானவை பட்ஜெரிகர் எனும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகள். வறண்ட உள்நாட்டுப் பகுதிகள்தான் அவற்றின் பூர்வீகம். காய்ந்த விதையைத் தின்றுகொண்டு, தண்ணீரே இல்லாமல் பல நாள் தாக்குப்பிடிக்கும் உடம்பு. சாதாரண நாளிலேயே சில மில்லிலிட்டர்தான் குடிக்கும்; உடம்புக்கு முடியாமல் போனால் அதுவும் குறையும். தண்ணீர் கசந்தால் கிண்ணத்தின் பக்கமே போகாது. ஆக, எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. இரத்தத்தில் மருந்தின் அளவு போதுமான எல்லையை எட்டாவிட்டால் கிருமி அடங்காது. மருந்தைத் தாங்கும் வகைக் கிருமிகள்தான் தழைக்கும்.

கூண்டுக் கம்பியில் செருகியிருக்கும் கடல்நுரையும் தன் பங்குக்குக் கெடுக்கும். அது கணவாயின் ஓடு, பெரும்பகுதி கால்சியம். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாத கூட்டுப்பொருளாகி எச்சத்தோடு வெளியே போய்விடும். மருந்து ஓடும் நாட்களில் கடல்நுரையை எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். ஆயிரக்கணக்கில் கோழி வளர்ப்பவர் தண்ணீரில் மருந்து கலப்பதில் நியாயம் உண்டு. வீட்டில் இருக்கும் ஒற்றைப் பறவைக்கு அதைச் செய்வது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

சரி, நேராக வாயில் விடலாம். இங்கேதான் பறவையின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டு கை வைக்க வேண்டும். அலகைத் திறந்து பார்த்தால் தடித்த நாக்கு தெரியும். அதன் பின்பக்கம், நாக்கின் வேரை ஒட்டி ஒரு சிறு பிளவு, மூச்சுக்கு மூச்சு திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக்குழலின் வாசல். நமக்கு அந்த இடத்தில் குரல்வளை மூடி என்று ஒரு மடல் இருக்கிறது. விழுங்கும்போது அது கவிழ்ந்து மூச்சுக்குழலைக் காக்கும். பறவைக்கு அந்த மடல் கிடையாது. பிளவே தன்னை இறுக்கி மூடிக்கொண்டால்தான் உண்டு. தலையை மல்லாத்திப் பிடித்து, நடுநாக்கில் ஒரே பீய்ச்சாகப் பீய்ச்சினால் மருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். நம்மைப்போல் பலமாக இருமி வெளியே தள்ள அதற்கு உதரவிதானமும் இல்லை.

உதரவிதானம் இல்லாததால் பிடிக்கும் விதமும் மாறுகிறது. பறவையின் நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் காற்றுப்பைகள்தான், பெரும்பாலான பறவைகளில் ஒன்பது, துருத்தி மாதிரி வேலை செய்து காற்றை நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓட்டுகின்றன. அந்தத் துருத்தியை இயக்குவது நெஞ்செலும்பின் அசைவு. பயத்தில் பறவையை இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் மூச்சு நின்றுவிடும். மெல்லிய துண்டால் முதுகுப் பக்கமாகப் போர்த்தி, தலையை இரண்டு விரல்களுக்கு நடுவே நிறுத்தி, நெஞ்சின்மேல் எதுவும் அழுத்தாமல் பிடிக்க வேண்டும்.

உணவுக்குழல் கழுத்தின் வலப்புறமாக இறங்கி தீனிப்பையில் சேர்கிறது. அதனால் பறவையை நிமிர்த்தி வைத்து, அதன் இடப்பக்க அலகோரத்தில் சிரிஞ்சின் நுனியை வைத்து, வலது பக்கம் நோக்கிச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நாக்கு அசைந்து விழுங்கியது தெரிந்தபிறகு அடுத்த சொட்டு. மூக்கில் குமிழி வந்தால், கொடுத்த வரை போதும், உடனே விட்டுவிட வேண்டும்.

அளவு இன்னொரு தலைவலி. பட்ஜெரிகர் 30 முதல் 40 கிராம்தான் இருக்கும். கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்று மருத்துவர் கணக்கிட்டால், 35 கிராம் பறவைக்கு ஒரு வேளைக்கு 0.875 மில்லிகிராம். மனிதர் விழுங்கும் 100 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் இந்தப் பறவைக்கு நூறு வேளைக்கு மேல் மருந்து இருக்கிறது. அதைப் பிரித்துக் கண்ணளவில் கிள்ளிப் போடுவதை என்னவென்று சொல்ல! மருத்துவர் சிரப்பாகக் கலந்து கொடுத்தாலும் சிரிஞ்சில் ஒரு வம்பு உண்டு. சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்சில் 40 கோடுதான் ஒரு மில்லிலிட்டர். 0.05 மில்லிலிட்டர் என்றால் அதில் இரண்டு கோடு. நூறு கோடு இருக்கிற நினைப்பில் ஐந்து கோடு இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

உடம்பு சிறுசு, அளவைக் குறைத்தால் போதும் என்பதும் சரியல்ல. சிறிய பறவைகளின் உடல்வெப்பம் 41 டிகிரி செல்சியஸைச் சுற்றி இருக்கும். பல மருந்துகளை அவை வேகமாகக் கரைத்துவிடும். அப்படியென்றால் பெரிய பறவை மெதுவாகக் கரைக்குமா? மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியில் பாதி, கோழியின் இரத்தத்திலிருந்து நீங்கச் சுமார் மூன்று மணி நேரமாகிறது; தீக்கோழிக்கு அரை மணி நேரம்தான். இனத்துக்கு இனம் கணக்கு வேறு. இதைத் தெரியாமல் நாம் கொடுத்த விலை பெரியது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் அவற்றின் சடலம் வழியே பாறுக் கழுகுகளுக்குள் போய், சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. காரணம் 2004இல் உறுதியானது, 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. மாற்றாக வந்த மெலாக்சிகாம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அலமாரியில் இருக்கும் நம் மாத்திரைகளைப் பறவைக்குத் தொடவே கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊசி போடும் மருத்துவர் காலை விட்டுவிட்டு நெஞ்சுத் தசையைத் தேடுவார். பறவையின் காலிலிருந்து திரும்பும் இரத்தத்தில் ஒரு பகுதி, இதயத்துக்குப் போகும் முன்பே சிறுநீரகத்தைச் சுற்றிப் போகிறது. மருந்து வேலை செய்யுமுன் வடிந்துவிடலாம், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கலாம். காற்றுப்பையில் பூஞ்சை பிடித்தால் ஊசியும் வாய்மருந்தும் திணறும், அங்கே இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. அப்போதுதான் நெபுலைசர் புகை தேவைப்படுகிறது.

டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளினை நியாயமாகக் கேட்கும் நோய் ஒன்று உண்டு: சிட்டகோசிஸ் எனும் கிளிக் காய்ச்சல். வழக்கமாக 45 நாள் கொடுப்பார்கள். கிருமி செல்லுக்குள் ஒளிந்து வாழ்கிறது. மருந்து அதைக் கொல்வதைவிடப் பெருகாமல் தடுக்கத்தான் செய்கிறது. பத்தாம் நாள் பறவை கத்த ஆரம்பித்ததும் நிறுத்தினால் நோய் திரும்பும். மனிதருக்கும் தொற்றும். 1929–30இல் கிளிகள் வழியே பல நாடுகளில் பரவியபோது, அமெரிக்க அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார். காய்ந்த எச்சத்தின் தூசிதான் முக்கிய வழி என்பதால், கூண்டின் அடித்தட்டில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு துடைக்க வேண்டும். அந்த நாட்களில் உங்களுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் நோயாளிப் பறவை இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிமோனியாவுக்கு வழக்கமாக எழுதும் பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது.