38 ஓட்டும் ஒரே புத்தகத்துக்கா?

கடலூரில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த படப்புத்தகத்துக்கு வாக்களித்த சீட்டுகள் சென்ற வாரம் என் மேசைக்கு வந்தன. ஐந்து புத்தகங்கள், 38 பிள்ளைகள். 38 சீட்டுகளும் ஒரே புத்தகத்துக்கு விழுந்திருந்தன. பொய் சொல்லாத சிறுவனுக்குக் கடைசிப் பக்கத்தில் பரிசு கிடைக்கும் கதை அது. 17 ஆண்டுகளாகக் குழந்தைகள் நூலகப் பணியில் இருக்கும் நான், ஏழு வயதுப் பிள்ளைகள் 38 பேர் எதிலும் ஒருமித்துப் போய்ப் பார்த்ததில்லை. சத்துணவில் இன்று முட்டை உண்டா என்பது ஒன்றுதான் விதிவிலக்கு. வகுப்பாசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “நாந்தான் மேடம், நல்ல பிள்ளைங்க எதுக்குப் போடுவாங்களோ அதுக்குப் போடுங்கன்னு சொன்னேன்” என்று பெருமையாகவே சொன்னார். இந்தக் கல்வியாண்டில் இதே பதிலை நான் கேட்பது நான்காவது முறை என்பதால் இதை எழுத வேண்டியதாயிற்று.

இந்த வாக்கெடுப்பைப் பலர் தேர்வு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்து புத்தகங்களில் ஒன்று சரியான விடை, மற்ற நான்கும் தவறான விடைகள், சரியானதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்பது அவர்கள் கணக்கு. ஒரு தாய் எனக்கே தொலைபேசியில் அழைத்து, எந்தப் புத்தகத்துக்குப் போடச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். ஒரு தந்தை மகனின் டைரியில் புத்தகத்தின் பெயரை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தார். வேறொரு பள்ளியில், அதிக ஓட்டு வாங்கிய புத்தகத்துக்குப் போட்ட பிள்ளைகளுக்கு மட்டும் சாக்லேட் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த முறை அந்தப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்க மாட்டார்கள், பக்கத்துப் பிள்ளையின் சீட்டைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொரு முறை, பொறுமையாகவே சொல்கிறேன். “உனக்கு எது பிடித்தது?” என்ற கேள்விக்கு அந்தக் குழந்தை சொல்வதே விடை; நமக்கு முன்கூட்டித் தெரிந்த விடை என்று ஒன்று கிடையாது. சாணியில் வழுக்கி விழும் தாத்தாவின் கதைக்கு ஓட்டுப் போட்ட குழந்தை ஒழுக்கம் கெட்டுப் போவதில்லை. அதற்கு அந்தக் கதையில் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். சிரித்த புத்தகத்தை அது மறுபடி எடுக்கும், மறுபடி எடுத்ததை மறுபடி வாசிக்கும், அப்படித்தான் எழுத்து பழகும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீதி சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆண்டு முழுவதும் வகுப்பு இருக்கிறது. ஓட்டுப் போடும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எங்களைப் போன்ற நூலகர்களுக்கு இதில் ஒரு சுயநலமும் உண்டு: அடுத்த ஆண்டு எந்தப் புத்தகத்தில் எத்தனை பிரதி வாங்குவது என்பதை இந்தச் சீட்டுகளை வைத்துத்தான் நான் முடிவு செய்கிறேன். ஆசிரியரின் விருப்பத்தை அறிய எனக்கு 38 சீட்டுகள் தேவையில்லை, ஒன்று போதும்.

எங்களுக்கு வடக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பிக்கும் தோழி ஒருவர் மூலமாகத்தான் இப்படியொரு வழக்கத்தை நான் முதலில் அறிந்தேன். பிரான்சில் 1988-இல் தொடங்கிய ‘ப்ரீ தேஸ் அன்கொருப்தீப்ள்’ என்ற பரிசை வழங்குபவர்கள் பள்ளிப் பிள்ளைகளே. மழலையர் வகுப்பு முதல் மேல்நிலை வகுப்பு வரை அந்தந்த வயதுக்குத் தேர்ந்தெடுத்த புத்தகங்களை அவர்கள் ஆண்டு முழுவதும் வாசித்து, கடைசியில் வாக்களிக்கிறார்கள். ஆர்வத்தோடு வாசிப்பேன், ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் எனக்கென்று ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்வேன், எனக்குப் பிடித்ததற்கே வாக்களிப்பேன் என்ற மூன்று உறுதிகளை அவர்கள் ஏற்கிறார்கள். பரிசின் பெயருக்கு ‘விலை போகாதவர்களின் பரிசு’ என்று பொருள் சொல்லலாம். ஓட்டுக்குப் பணம் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் தெருவில் அடிபடும் நம் ஊரில், அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தேவனாம்பட்டினம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். படகில் கடலுக்குப் போகும் அப்பாவும் மகளும் வரும் ஒரு புத்தகத்துக்கு இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓட்டுப் போட்டிருந்தாள். காரணம் கேட்டதற்கு “நண்டு” என்றாள். கதையில் நண்டே இல்லையே என்றார் ஆசிரியை. “படத்தை மட்டும் பாத்திருக்கா மேடம், கதை புரியல” என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். வலைக்கு அடியில், துடுப்பின் நிழலில், மீன் கூடையின் விளிம்பில் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிறு நண்டை ஓவியர் ஒளித்து வைத்திருந்தார். எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் அது மகளின் பாவாடை மடிப்பில் உட்கார்ந்து வீட்டுக்கே வந்துவிடுகிறது. நானும் அந்த ஆசிரியையும் அந்தப் புத்தகத்தைக் குறைந்தது பத்து முறை வகுப்பில் வாசித்துக் காட்டியிருப்போம், இருவர் கண்ணிலும் அது படவில்லை. படப்புத்தகத்தில் பாதிக் கதை எழுத்தில் இருக்கிறது, மீதிப் பாதி படத்தில் இருக்கிறது. எங்களைவிட அவள்தான் அதை முழுதாக வாசித்திருந்தாள்.

இனி வாக்கெடுப்பு நடத்தப்போகிறவர்கள் தயவுசெய்து சிலவற்றைக் கவனியுங்கள். சிறு வகுப்புக்கு ஐந்து புத்தகங்களுக்கு மேல் வேண்டாம். ஒரு மாதமாவது அவை வகுப்பிலேயே, பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வாக்கெடுப்பு நாளன்று எடுத்துக் காட்டுவது மோசடி. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கும் ஓட்டு உண்டு, அதற்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது பக்கத்தைத் திருப்பியதும் உடனே வாயைத் திறக்காமல், படத்தைப் பிள்ளைகள் பார்த்து முடிக்கும் வரை கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்குப் பிடித்த புத்தகத்தை ராகத்தோடும் மற்றவற்றை மளமளவென்றும் வாசித்தால், வாயால் சொல்லாமலே பிரசாரம் செய்துவிட்டீர்கள் என்று பொருள். புத்தகம் வாங்கப் பணமில்லை என்று சொல்பவர்களுக்கு: பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு நூல்கள் இருக்கின்றன, கட்டுப் பிரிக்காமல் கிடந்தால் இன்றே பிரியுங்கள்.

கை தூக்கச் சொல்லவே கூடாது. முதல் கை எங்கே எழுகிறதோ அங்கே மற்ற கைகளும் எழும். சீட்டில் தலைப்பை மட்டும் அச்சிடாமல் அட்டைப்படத்தையும் சிறிதாக அச்சிடுங்கள், எல்லாச் சீட்டிலும் ஒரே புத்தகம் முதலில் வராதபடி வரிசையையும் மாற்றுங்கள். ஓட்டுப் பெட்டிக்குக் காலியான சாக்பீஸ் டப்பா போதும், மறைவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை நிறுத்தினால் போதும். விரலில் மை வைத்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஸ்டாம்ப் பேட் மையில் ஒரு பொட்டு வையுங்கள். தேர்தல் மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது, வாரக்கணக்கில் போகாது. அதை எங்கிருந்தோ வாங்கி வந்து வைத்த ஒரு பள்ளிக்குப் பெற்றோர் திரண்டு வந்த கதையும் எனக்குத் தெரியும். முடிவு வந்த பிறகு குறைந்த ஓட்டு வாங்கிய புத்தகத்தை ‘தோற்ற புத்தகம்’ என்று சொல்லி அலமாரியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அதற்கு ஓட்டுப் போட்ட இரண்டு பிள்ளைகள் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த 38 சீட்டுகளையும் திருப்பி அனுப்பிவிட்டு, மறுபடி நடத்தும்படி கேட்டுக்கொண்டேன். ஆசிரியருக்கு முதலில் வருத்தம்தான். ஆனாலும் நடத்தினார், எண்ணும்போது என்னையும் கூப்பிட்டார். தாத்தாவின் கதைக்கு 12, படகுக்கு 10, பலாப்பழம் திருடும் குரங்குக்கு 8, பொய் சொல்லாத சிறுவனுக்கு 5, மழையைப் பற்றிய புத்தகத்துக்கு 2. ஒரு சீட்டு வெறுமையாக இருந்தது. யாரோ கவனக்குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று ஆசிரியர் அதை ஓரமாக வைத்தபோது, மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். “அது என்னோடது சார். எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்ப நீங்க படிச்ச ரெண்டு புக்க நான் பாக்கவே இல்ல.” ஆசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, வாசிக்காமல் கொஞ்ச நேரம் பேசாதிருந்தார்.