வண்டிக்குள் வேண்டாம் கங்கு

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் சமையல் மேடையும் போட்டார்கள். கார்த்திகை தொடங்கித் தை முடிய மேல்மலையில் இருப்பது என்று திட்டம். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர்ப் பக்கம், தெரிந்தவர் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஆயுள் முழுக்க மதுரை வெயிலில் காய்ந்தவர்களுக்கு வந்த நியாயமான ஆசை அது.

இரண்டாவது வாரம் அந்த அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, குமட்டல். மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று வத்தலக்குண்டில் உறவினர் வீட்டுக்கு இறங்கி வந்தார்கள். ஒரே நாளில் சரியாகிவிட்டது. திரும்ப ஏறினார்கள், தலைவலியும் திரும்ப வந்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் ஒன்றுக்குப் போக எழுந்த கணவர், கதவைத் திறந்த கையோடு படியில் சரிந்து விழுந்தார். கதவு திறந்திருந்ததால்தான் இருவரையும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் உயிரோடு பார்த்தேன்.

குமுட்டி அடுப்புதான் காரணம். வெளியே கரி மூட்டிச் சமைத்துவிட்டு, புகை அடங்கியதும் கங்கோடு உள்ளே தூக்கி வைத்திருக்கிறார்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டுமே என்று. ஜன்னல் இடுக்குகளில் துணி வேறு. "புகையே இல்லையே டாக்டர், அப்புறம் எப்படி?" என்று அந்த அம்மா கேட்டார்.

புகை இல்லாததுதான் ஆபத்து. புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், கதவைத் திறந்துவிடுவோம். கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அடைத்த வண்டிக்குள் காற்றில் ஆக்சிஜன் குறையக் குறைய, அதே கங்கு இந்த வாயுவை இன்னும் அதிகமாகக் கக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. இவர்களிடமும் இருந்தது. 98 காட்டியது என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறார்கள். இதில் அந்தக் கருவியை நம்பவே கூடாது. ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. நோயாளி வண்டிக்குள் அடுப்பு வைத்ததைச் சொன்னால்தான் எங்களுக்கும் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றும். சொல்லாவிட்டால் வாந்தி, மயக்கம், ஏதோ சாப்பாடு சேரவில்லை என்றே போய்விடும்.

ஒரே வண்டியில் தூங்கிய இரண்டு பேருக்குக் காலையில் தலைவலி என்றாலோ, வெளியே போனால் குறைந்து உள்ளே வந்தால் கூடுகிறது என்றாலோ சந்தேகப்படுங்கள். உடனே எல்லோரும் வெளியே வந்து 108-ஐ அழையுங்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகக்கவசம் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். பிழைத்தவர்களிலும் சிலருக்குச் சில வாரம் கழித்து மறதியும் தடுமாற்றமும் வருவதுண்டு. அதனால் தெளிந்துவிட்டது என்று மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

கரி மட்டுமில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் வாயு உள்ளே கசிந்திருந்தது. ஜெனரேட்டர் வண்டியிலிருந்து இருபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். சபரிமலை சீசனில் வேன் ஓட்டும் தம்பிகளே, இது உங்களுக்கும்தான். குளிருக்கு கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் படுப்பதும் இதே கதையில்தான் முடியும்.

சிலிண்டர் கசிவுக்கு அலறும் கருவி இருக்கிறதே என்பார்கள். அது வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. பேட்டரியில் ஓடும் அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. வண்டிக்குச் செலவழிப்பதோடு பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

இந்தக் கார்த்திகையிலும் அவர்கள் மேல்மலைக்குக் கிளம்பினார்கள். போகும் முன் அலாரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கே மாட்டுவது என்று கேட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், தூக்கத்திலும் சத்தம் காதில் விழுகிற இடத்தில் என்றேன். குமுட்டி அடுப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு கம்பளி கூடுதலாக எடுத்துவைத்திருப்பதாக அந்த அம்மா சொன்னார்.