சுருட்டை முடிக்கு வைத்தியம் கேட்டு வராதீர்கள்

கும்பகோணத்தில் தோல் மருத்துவராக இருக்கிறேன். ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் போதும், கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அம்மாவோ பெரியம்மாவோ வந்துவிடுவார்கள். "டாக்டரம்மா, இந்தப் பரட்டை படிய மாத்திரை ஏதாவது இருக்கா? மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரி பேசுறாங்க." பெண் தலையைக் குனிந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவளை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாத்திரை கிடையாது. முடி முளைக்கிற குழி தோலுக்கடியில் வளைந்திருந்தால் முடியும் வளைந்துதான் வரும். தாத்தாவிடமிருந்தோ அத்தையிடமிருந்தோ வந்தது, அவ்வளவுதான். இதில் குணப்படுத்த என்ன இருக்கிறது? ஐப்பசி அடைமழையில் காற்றின் ஈரத்தை முடி உறிஞ்சி உப்பிக்கொள்ளும், அதைப் பார்த்து "முடி கெட்டுப்போச்சு" என்று பயந்து வருகிறவர்களும் உண்டு. கெடவில்லை.

பார்லரில் நிரந்தரமாக நேராக்குகிறோம் என்பார்கள். முடியின் கெரட்டின் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து, சூட்டுக் கம்பியால் நீவி, நேராக இருக்கும்போதே இன்னொரு ரசாயனத்தால் மறுபடி பூட்டிவிடுகிறார்கள். வெளியே தெரிகிற முடிக்கு மட்டும்தான் இது. உள்ளே குழி அப்படியேதான் இருக்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. என்று புதுமுடி சுருட்டையாகவே வளர்ந்து வரும். தலைதீபாவளிக்குள் மேலே சுருட்டை, கீழே கம்பி மாதிரி நேர்முடி என்று ஆகி, இரண்டும் சேருகிற இடத்தில் ஒடிய ஆரம்பிக்கும். அப்போது "கொட்டுது டாக்டர்" என்று வருவார்கள். விழுந்த முடி ஒன்றை எடுத்து நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன முடிச்சு இருந்தால் வேரோடு உதிர்ந்தது, ஒரு நாளைக்கு நூறு வரை அப்படி விழுவது சாதாரணம். முடிச்சு இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்தால் ஒடிந்தது, அதற்கு எந்த வைட்டமினும் உதவாது.

கெரட்டின் ட்ரீட்மென்ட், ஸ்மூத்தனிங் என்ற பெயர்களில் நடப்பதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. இவற்றில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஏ.சி.க்காகக் கதவைச் சாத்திய அறையில் கண் எரிய எரிய உட்கார்ந்திருப்பது நீங்கள் மட்டுமல்ல, நாள் முழுக்க அதே புகையில் நிற்கிற பார்லர் பெண்ணும்தான். "எங்களுடையதில் அது இல்லை" என்பார்கள். அதற்குப் பதிலாகப் பல க்ரீம்களில் இருப்பது கிளையாக்ஸிலிக் அமிலம். 2024-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் எழுதிய குறிப்பு ஒன்றில், 26 வயதுப் பெண் ஒருவர் இந்த அமிலம் கலந்த க்ரீமால் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார், மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அதே க்ரீமை எலிகளுக்குத் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் என்ற உப்பின் படிகங்கள் தங்கியிருந்தன. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் செய்துகொண்ட பிறகு வாந்தி, இடுப்பு வலி, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் முடிக்குப் போட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவராகக் கேட்கத் தோன்றாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "சரி, இயற்கையாகவே விட்டுடறேன்" என்று போகிற பெண்கள் அடுத்ததாக மாட்டிக்கொள்வது ரீல்ஸ் வாத்தியார்களிடம். ஷாம்பூவே தொடாதே, ஆளிவிதை ஜெல் போடு, சீப்பைத் தூக்கிப் போடு. மாமியார் விதித்தால் கட்டுப்பாடு, ரீல்ஸில் வந்தால் சுதந்திரமா? பொடுகு இருக்கிற தலையில் எண்ணெய் தேய்த்து அப்படியே ஊறவிட்டு ஷாம்பூவும் போடாமல் இருந்தால், எண்ணெயைத் தின்று வளரும் மலசீசியா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அரிப்பும் செதிலுமாக இங்கேதான் வந்து நிற்பீர்கள். தலைத்தோல் பிசுபிசுத்தால் அலசுங்கள். சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு இழுத்து வாராமல், ஈரத்தில் கண்டிஷனர் போட்டு அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். நேராக்கிக்கொள்ள உங்களுக்கே ஆசை என்றால் அதுவும்தான், க்ரீம் டப்பாவின் லேபிளைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயம் வேறு, அவர்களுக்கு இஷ்டம் என்று ஒன்றை யாரும் விட்டுவைப்பதில்லை. ஒரு முடி கூடப் பறக்கக் கூடாது என்று வழிய வழிய எண்ணெய் வைத்து, நெற்றித் தோல் இழுபடுகிற அளவுக்கு இரட்டைச் சடை. தினமும் இப்படி இழுத்தால் நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் முடி மெலிந்து பின்வாங்கும். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் திரும்ப வளர்ந்துவிடும், வருஷக்கணக்கில் விட்டால் குழியே தழும்பாகி மூடிவிடும். சடை போட்டதும் பிள்ளை தலை வலிக்கிறது என்று சொன்னாலோ, முடியோரம் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தாலோ அன்றைக்கே தளர்த்துங்கள். பள்ளியில் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் பிள்ளையை அழைத்து வாருங்கள், தளரப் பின்ன அனுமதிக்கும்படி லெட்டர்பேடில் எழுதித் தருகிறேன், அதற்கு ஃபீஸ் கிடையாது.